சென்னையில் பி.ஏ. வரலாறு: தமிழ் வழியில் படித்து வருகிற மாணவிக்கு வழி உண்டா?

வந்தவாசிப் பெண்

அனைவருக்கும் வணக்கம். வந்தவாசிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். வரலாற்றில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறேன். சென்னைக்கு வந்து பி.ஏ. வரலாறு படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். வீட்டில் பி.காம். அல்லது கம்ப்யூட்டர் படிப்பு எடுக்கச் சொல்கிறார்கள். வரலாறு படித்தால் வேலை எங்கே கிடைக்கும் என்று அப்பா கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை.

எங்கள் ஊரில் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. 1760 ஜனவரியில் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலேயப் படை, லாலியின் பிரெஞ்சுப் படையை இங்கே தோற்கடித்தது என்பது பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. இரண்டு அந்நியப் படைகள் வந்து மோதிய அந்தத் தை மாதத்தில், அறுவடை நேரத்தில், சுற்றியிருந்த கிராமத்துச் சனங்கள் என்ன ஆனார்கள் என்று ஆசிரியரிடம் கேட்டேன். அது தேர்வுக்கு வராது என்றார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்பைப் படிக்க விரும்புகிறேன்.

எந்தக் கல்லூரியில் சேரலாம், தமிழ் வழியா ஆங்கில வழியா, படித்தபின் என்ன செய்யலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் வீட்டில் பேச உதவியாக இருக்கும்.

சேப்பாக்கம் ஆசிரியர்

மகளே, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள். சேப்பாக்கத்தில் கடற்கரையைப் பார்த்து நிற்கும் பல்கலைக்கழக வளாகத்தில் வரலாற்றுத் துறை முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் உரியது. பி.ஏ. படிப்பது அதன் இணைப்புக் கல்லூரிகளில்தான். மாநிலக் கல்லூரி, இராணி மேரி கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி, நந்தனம் அரசு கலைக் கல்லூரி என்று பல இருக்கின்றன. அரசு கல்லூரிகளுக்கெல்லாம் ஒரே இணையதளத்தில் விண்ணப்பம் போடலாம். கட்டணம் மிகக் குறைவு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கே வரும். இவற்றை அப்பாவிடம் முதலில் சொல்.

இனி, நீ சேரப்போகும் துறையைப் பற்றிக் கொஞ்சம். 1857-இல், வடக்கே கிளர்ச்சி மூண்ட அதே ஆண்டில், கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களோடு சென்னைப் பல்கலைக்கழகமும் தொடங்கியது. இந்திய வரலாற்றுக்கும் தொல்லியலுக்குமான பேராசிரியர் பதவியில் 1914-இல் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் அமர்ந்தார். அவருக்குப் பின் 1929-இல் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி வந்தார். சோழர் வரலாற்றைக் கல்வெட்டுகளைக் கொண்டு முழுமையாகக் கட்டி எழுப்பிய நூல் 1930-களில் அவர் கையிலிருந்து வெளிவந்தது. இன்று பள்ளியில் நீ படிக்கிற சோழர் நிர்வாகப் பாடம் பெருமளவுக்கு அங்கிருந்து இறங்கி வந்ததுதான்.

ஆனால் பட்டப்படிப்பு அந்தப் பாடத்தின் நீட்சி அன்று. சாஸ்திரி சோழ அரசை வலுவான மைய ஆட்சியாகவும், அதே சமயம் கிராம சபைகள் தன்னாட்சியோடு இயங்கிய அமைப்பாகவும் கண்டார். 1980-இல் அமெரிக்க அறிஞர் பர்ட்டன் ஸ்டைன் அதை அடியோடு மறுத்தார். மன்னனின் உண்மையான அதிகாரம் தலைநகரைச் சுற்றிய பகுதியில்தான் இருந்தது, அதற்கு அப்பால் அவன் பெயரளவில் மதிக்கப்பட்டவனே, நாடு எனப்பட்ட உள்ளூர்ப் பகுதிகள் தம்மைத்தாமே ஆண்டன என்றார். இந்த இருவரின் வாதங்களையும் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் நம் எ. சுப்பராயலுவும் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் வரும் பெயர்களையும் பட்டங்களையும் வரிகளையும் எண்ணிப் பகுத்துச் சோதித்தார்கள். முதலாம் இராசராசன், இராசேந்திரன் காலத்தில் அதிகாரிகளின் பட்டங்களும் வருவாய்த் துறையின் பதவிகளும் பெருகுவதைக் காட்டி, ஸ்டைன் சொன்ன படம் அந்தக் காலத்துக்குப் பொருந்தவில்லை என்றார்கள். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த ஓர் அரசை ஒரே சொல்லில் அடக்க முடியாது என்பதும் அவர்கள் ஆய்வில் வெளிப்பட்டது. கராஷிமா 1960-களின் தொடக்கத்தில் இதே சென்னைக்கு வந்து, இதே பல்கலைக்கழகத்தில் தங்கித் தமிழ்க் கல்வெட்டுப் பயின்றவர். தோக்கியோவிலிருந்து வந்தவருக்குக் கைகூடியது வந்தவாசியிலிருந்து வருகிறவளுக்குக் கைகூடாமல் போகாது.

ஒரே சான்றை வைத்துக்கொண்டு மூன்று பேர் ஏன் மூன்று விதமாகச் சொல்கிறார்கள், யார் சொல்வது சான்றுக்கு நெருக்கமாக இருக்கிறது என்று எடைபோடக் கற்பதே இந்தப் படிப்பு. ஆண்டுகளை மனப்பாடம் செய்வது அதில் மிகச் சிறிய பகுதி.

கோட்டை ஊழியர்

நானும் சென்னையில் பி.ஏ. வரலாறு படித்தவன். டி.என்.பி.எஸ்.சி. எழுதி இப்போது தலைமைச் செயலகத்தில் பணியாற்றுகிறேன். ஐயா சொன்னவை அனைத்தும் உயர்ந்தவை. ஆயினும் முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருத்தியிடம் ஸ்டைனையும் சாஸ்திரியையும் பற்றிப் பேசுவதற்கு முன் சோற்றுக்கு வழியைச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

தங்கையே, வழி இருக்கிறது. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளின் பாடத்திட்டத்தில் இந்திய வரலாறும், விடுதலைப் போராட்டமும், தமிழ்நாட்டின் வரலாறு, மரபு, பண்பாடு என்ற தனிப் பிரிவும் இருக்கின்றன. பொறியியல் படித்துவிட்டு வருகிறவர்கள் பயிற்சி மையத்தில் பணம் கட்டிப் படிப்பதை நீ வகுப்பிலேயே படித்திருப்பாய். இன்னொன்று மிக முக்கியம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு 2010 முதல் சட்டமாக இருக்கிறது. 2020-இல் அதைத் திருத்தி, பட்டப்படிப்பை மட்டுமல்லாமல் பள்ளிப் படிப்பையும் தமிழ் வழியில் முடித்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். நீ இதுவரை தமிழ் வழியில் வந்திருக்கிறாய். பட்டப்படிப்பில் ஆங்கில வழிக்கு மாறினால் பட்டத்தகுதி கேட்கும் பணிகளில் அந்த உரிமை கைநழுவிப் போகும். ஆசையாக ஆங்கில வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பள்ளியில் தமிழ் வழிச் சான்றிதழை இப்போதே கேட்டு வாங்கி வை.

முதல் ஆண்டிலிருந்தே தேர்வை மனத்தில் வைத்துப் படி. ஆராய்ச்சி, விவாதம் எல்லாம் வேலை கிடைத்தபின் செய்யலாம்.

ஒரு தந்தை

என் மகனும் வரலாறு கேட்கிறான். இவர் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் எழுதுகிற தேர்வில் தேறாதவர்களின் நிலை என்ன? அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அவர்கள் வேறு என்ன செய்கிறார்கள்? இதைச் சொல்லாமல் நம்பிக்கை மட்டும் ஊட்டுவது சரியாகாது.

எழும்பூர் ஆய்வாளர்

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. தேர்வு ஒன்றையே நம்பி வரலாறு படிப்பவர்களில் பலர் பட்டம் முடித்தபின் பல ஆண்டுகளைப் பயிற்சி மையங்களிலும் நூலக வாசலிலும் கழிப்பதைக் கன்னிமாரா நூலகத்தில் எந்த நாள் சென்றாலும் பார்க்கலாம். மற்ற வழிகள் இவை: முதுகலையும் பி.எட்.டும் முடித்து ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக மேல்நிலைப் பள்ளி ஆசிரியராவது. கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட் தேறிக் கல்லூரிக்குப் போவது. மாநிலத் தொல்லியல் துறையின் முதுநிலைப் பட்டயப் படிப்பில் கல்வெட்டும் அகழாய்வும் கற்று அந்தத் துறைக்குள் நுழைவது. அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், நூலகங்களின் மின்னாக்கப் பணிகள். கீழடியில் 2015-இல் தொடங்கிய அகழாய்வுக்குப் பின் மாநிலத்தில் ஆய்வுக் களங்கள் பெருகியிருக்கின்றன. அங்கெல்லாம் பழந்தமிழ் எழுத்தும் மண்ணடுக்கும் அறிந்த இளைஞர்கள் தேவைப்படுகிறார்கள். எதுவும் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் இவை ஒவ்வொன்றிலும் எடுபடுகிறவர் மூலச் சான்றைத் தானே படிக்கத் தெரிந்தவர்தான். அதனால்தான், வேலை கிடைத்தபின் ஆராய்ச்சி என்று மேலே நண்பர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

சென்னையில் படிப்பதன் பயன் கல்லூரிக்கு வெளியே இருக்கிறது. எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே செங்கல் நிறத்தில் நிற்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், 1670-களிலிருந்து புனித ஜார்ஜ் கோட்டையில் எழுதப்பட்ட ஆலோசனைக் குறிப்புகள் இருக்கின்றன. கன்னிமாரா நூலகம் 1896-இல் திறக்கப்பட்டது. நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் சட்டப்படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களுள் அது ஒன்று. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுதும் சேர்த்த தமிழ் அச்சுச் செல்வம் அது. அவர் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-இல் நூலகமாயிற்று. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது. இத்தனையும் ஒரே மாநகரப் பேருந்துச் சீட்டின் எல்லைக்குள் அடங்கும் ஊர் தென்னிந்தியாவில் வேறில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

பி.ஏ. மாணவர்கள் காப்பகத்துக்கு வரத் தயங்குகிறார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கு மட்டுமே உரிய இடம் அது என்று நினைக்கிறார்கள். துறைத் தலைவரிடம் அறிமுகக் கடிதம் பெற்று விண்ணப்பித்தால் படிக்கலாம். உள்ளே சென்றவுடன் ஆவணம் கையில் வராது. ஆண்டுவாரியாக, துறைவாரியாக இருக்கும் அட்டவணைத் தொகுதிகளைப் புரட்டி, அரசாணையின் எண்ணும் துறையும் தேதியும் குறித்துச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பின்பு கட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். சில சமயம் கட்டு கிடைக்கவில்லை என்று சீட்டு திரும்பி வரும். கட்டை அவிழ்த்தால் தாள் ஓரங்கள் பொடிப்பொடியாக உதிரும். எனவே பக்கத்தை நுனியில் பிடித்துப் புரட்டாமல், அடியில் கை கொடுத்துத் திருப்ப வேண்டும். இந்தப் பொறுமை பழகுவதற்கே ஒரு பருவம் பிடிக்கும்.

தொடக்க நிலையில் இருப்பவருக்கு நான் எப்போதும் சொல்வது, ஆங்கிலேய ஆட்சிக் காலத்து உள்நாட்டு மொழிப் பத்திரிகை அறிக்கைகளில் தொடங்கலாம் என்பதே. தமிழ், தெலுங்குப் பத்திரிகைகள் அரசைப் பற்றி என்ன எழுதுகின்றன என்பதை அரசு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆங்கிலத்தில் சுருக்கி அதிகாரிகளுக்குக் கொடுத்தவை அவை. மூலப் பத்திரிகை அழிந்துபோன இடத்தில், அது எழுதியதன் ஒரே சுவடு இந்தச் சுருக்கமாகவே இருக்கும். அதே சமயம் அது ஆட்சியாளருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சுருக்கம் என்பதையும் மறக்கக் கூடாது. சுதேசமித்திரனின் மூல இதழ் ஒன்றையும் அதன் சுருக்கத்தையும் அருகருகே வைத்துப் படித்தால், எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பது தெரியும். வகுப்பில் எத்தனை முறை விளக்கினாலும் இந்த ஒரு மாலை கற்றுக்கொடுப்பதற்கு ஈடாகாது.

கல்லெழுத்து

கோட்டை ஊழியருக்கு மரியாதையுடன் ஒரு மாற்றுக் கருத்து. போட்டித் தேர்வை முன்வைத்துப் படித்தால் வரலாறு எப்படிச் சுருங்கிவிடுகிறது என்பதை ஒரே எடுத்துக்காட்டில் சொல்லிவிடலாம். அதுவும் வந்தவாசிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

குடவோலை முறையைக் கூறும் கல்வெட்டு எது என்பது கேள்வி. உத்திரமேரூர் என்பது விடை. ஒரு மதிப்பெண் கிடைத்துவிடும். பேச்சாளர்கள் மேடையில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மக்களாட்சி என்று முழங்குவார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவருக்கு முன் நின்று அந்தக் கல்லைப் படித்தால் என்ன தெரிகிறது? முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அவனுடைய 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919-இல் வெட்டியது. மற்றது 14-ஆம் ஆட்சியாண்டில், 921-இல் வெட்டியது. முதல் கல்வெட்டில் உறுப்பினருக்கான வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள். இரண்டாவதில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். இரண்டே ஆண்டில் விதியை ஏன் மாற்றினார்கள்? இரண்டாவது கல்வெட்டில், பதவியில் இருந்தபோது கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டிருக்கிறார்கள். உறவுமுறைகளும் ஒவ்வொன்றாக அடுக்கப்படுகின்றன. இப்படி ஒரு விதி எழுதப்பட வேண்டுமானால், அதற்குமுன் கணக்குக் காட்டாமல் போனவர்களும் உறவினரைப் பதவிக்குக் கொண்டுவந்தவர்களும் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்க இடமிருக்கிறது.

தகுதிகளையும் பாருங்கள். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். இது பிராமணர்களுக்குக் கொடையளிக்கப்பட்ட ஊரின் சபை. அந்த ஊரின் உழவர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் பெண்களுக்கும் குடத்தில் ஓலை இல்லை. இவை எல்லாம் மன்னனின் ஆணைப்படி, அவன் அனுப்பிய ஓர் அதிகாரி உடனிருக்கச் செய்யப்பட்டன என்பதையும் அதே கல் சொல்கிறது. சாஸ்திரி கண்ட தன்னாட்சியும் மைய அரசின் கையும் ஒரே சுவரில் இருக்கின்றன.

இதனால் அந்தக் கல்வெட்டின் அருமை குறைந்துவிடாது. குடும்பு என்ற முப்பது பகுதிகளின் ஓலைகளையும் தனித்தனியே கட்டிக் குடத்தில் இட வேண்டும். கோயில் பூசகர்களான நம்பிமாரில் முதியவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்ய வேண்டும். அதைப் பெறும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். உள்ளங்கையில் வேறோர் ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காக விரல்களின் நிலையைக்கூடக் கல்லில் வெட்டிய சமூகம் அது. எத்தனை கூர்மையான கவனம், எத்தனை அவநம்பிக்கை! வாரியம் என்ற சபைக் குழுக்களில் ஏரி வாரியம் எப்படி இயங்கியது, தோட்ட வாரியத்துக்கு ஏன் பன்னிரண்டு பேர் என்றெல்லாம் கேள்விகள் அங்கிருந்து கிளைத்துக்கொண்டே போகும். வெங்கய்யா 1904-05-ஆம் ஆண்டின் தொல்லியல் அறிக்கையில் வாசகத்தை வெளியிட்டு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் கேள்விகள் தீரவில்லை. ஒரு மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்தவருக்கு இவற்றில் எதுவும் கண்ணில் படாது.

மாணவி கல்லூரி திறப்பதற்கு முன் உத்திரமேரூருக்கு ஒருமுறை போய் வரட்டும்.

கோட்டை ஊழியர்

கல்லெழுத்து அவர்கள் எழுதியதை முழுவதும் படித்தேன். நான் படித்த காலத்தில் என் வகுப்பில் இப்படி ஒருவரும் சொல்லித்தரவில்லை. பழைய வினாத்தாள்களும் பாரிமுனையில் விற்கும் கைடுகளும்தான் எங்களுக்குப் பாடமாக இருந்தன. ஐந்து மதிப்பெண் விடையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, அப்படியே எழுதச் சொன்னார்கள்.

ஆனாலும் என் கருத்தை முழுவதுமாக விட்டுக்கொடுக்கப் போவதில்லை. காப்பகம் வேலை நாள்களில், அலுவலக நேரத்தில்தான் திறந்திருக்கிறது. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் மாலையில் துணிக்கடையிலும் உணவு விநியோகத்திலும் வேலை பார்த்துக்கொண்டே படித்தார்கள். வகுப்பையும் விட முடியாமல், வேலையையும் விட முடியாமல் இருக்கிற பிள்ளையிடம் எழும்பூருக்குப் போகவில்லையா என்று கேட்பது சரியா? மூலச் சான்று படிக்கும் வாய்ப்பைக் கல்லூரியே பாடவேளைக்குள் ஏற்படுத்தித் தர வேண்டும். அது மாணவரின் ஆர்வத்தைப் பொறுத்தது என்று விட்டுவிட்டால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே வரலாற்றாய்வாளர்கள் ஆவார்கள். பிறகு நம்மைப் பற்றியும் அவர்களே எழுதுவார்கள்.

சேப்பாக்கம் ஆசிரியர்

நண்பர் சொன்னது இந்த இழையிலேயே கனமான வாதம். கல்லூரிகளில் வரலாற்றுத் துறை பல காலமாகச் செய்யத் தவறியது அதுதான். ஒரு பருவத்தில் ஒரு பாடத்தையாவது காப்பகத்திலும் கோயில் சுவர்களிலும் நடத்த வேண்டும் என்று நானும் வாதாடியிருக்கிறேன். வருகைப்பதிவேடு, வண்டிச் செலவு, அனுமதிக் கடிதம் என்று தடைகள் வரிசையாக வந்து நின்றன. சில ஆண்டுகள் நடந்தது, சில ஆண்டுகள் நடக்கவில்லை. நேரம் கிடைக்காத மாணவர்களுக்கு இப்போது ஓரளவு துணையாக இருப்பது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். பழைய நூல்களும் இதழ்களும் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளும் இணையத்தில் இருக்கின்றன. இரவு பத்து மணிக்கு விடுதிக் கட்டிலில் படுத்தபடியே தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டின் வாசகத்தைப் படிக்கலாம். என் மாணவப் பருவத்தில் அந்தத் தொகுதியைக் கண்ணால் பார்ப்பதற்கே நூலகரின் தயவு வேண்டியிருந்தது.

மொழியைப் பற்றி. தமிழ் வழியிலேயே சேர் என்று நானும் சொல்கிறேன். அதன் காரணம் ஒதுக்கீடு மட்டுமன்று. கல்வெட்டு, புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, அயோத்திதாசப் பண்டிதர் 1907 முதல் இராயப்பேட்டையிலிருந்து நடத்திய இதழ், திரு.வி.க.வின் நவசக்தி, பெரியார் 1925-இல் தொடங்கிய குடிஅரசு என்று தமிழில் இருக்கும் மூலச் சான்றுகள் கடல்போலப் பரந்தவை. நல்ல ஆங்கிலத்தில் படித்துவிட்டு இவற்றில் ஒரு பத்தியைக்கூடத் தடங்கலின்றிப் படிக்க முடியாத ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். உன்னிடம் அவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது.

ஆனால் ஆங்கிலத்தைத் தள்ளி வைக்காதே. விவாதங்கள் நடக்கும் நூல்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. நெட் தேர்வின் வரலாற்றுத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ் வழியில் படித்த திறமையான பிள்ளைகள் பலர் சரியாக அந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். முதல் ஆண்டிலிருந்தே நாளுக்கு இரண்டு பக்கம் ஆங்கில வரலாற்று நூலைப் படி. படித்ததைத் தமிழில் ஐந்து வரியாக எழுதிப் பார். பட்டப்படிப்பில் பகுதி இரண்டு என்று வரும் ஆங்கிலப் பாடத்தில் தேறினால் போதும் என்று இருந்துவிடாதே. குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், வரலாற்றை விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். அதற்கும் நீ படிக்க வேண்டிய நூல்களில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

வந்தவாசிப் பெண்

அனைவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். புதுமைப் பெண் தொகையையும் தமிழ் வழி ஒதுக்கீட்டையும் கேட்டபின் பேச்சில் கொஞ்சம் தளர்ச்சி தெரிந்தது. பி.எட். படித்தால் ஆசிரியராகலாம் என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். குடவோலைக் கதை அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பெண்களுக்கு ஓலை இல்லை என்றதும், நம் ஊரில் இப்போது தலைவராக இருப்பதே பெண்தானே என்றார்.

மாநிலக் கல்லூரியை முதல் விருப்பமாகவும் இராணி மேரி கல்லூரியை இரண்டாவதாகவும் வைத்து விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். இரண்டிலும் தமிழ் வழியே. எழும்பூர் அக்காவிடம் ஒரு கேள்வி. 1760-இல் எங்கள் பகுதிக் கிராமங்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு உண்மையிலேயே சான்று இருக்கிறதா, அல்லது படைத் தலைவர்களைப் பற்றி மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறார்களா?

எழும்பூர் ஆய்வாளர்

இருக்கிறது. ஆனால் ஒரே இடத்தில், ஒரே கட்டில் இல்லை.

போரைப் பற்றி விரிவாக எழுதியவர் ராபர்ட் ஓர்ம். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆலோசனைக் குழுவில் இருந்தவர். அவருடைய நூல் 1763-லும் 1778-லும் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. அதில் படைகளின் நகர்வு நாள்வாரியாக இருக்கும். கிராமங்கள் தீவனமும் தானியமும் கிடைக்கும் இடங்களாக மட்டுமே வரும். ஆனாலும் எந்தப் படை எந்த ஊரில் கால்நடைகளைப் பிடித்தது, எங்கே அரிசிக்குத் திண்டாடியது என்று அந்தக் கோணத்திலிருந்து அதைப் படித்தால், ஆசிரியர் சொல்ல நினைக்காத செய்திகள் பல அகப்படும். கோட்டையின் இராணுவ ஆலோசனைக் குறிப்புகளையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். அடுத்தது ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-இல் தொடங்கிய அவருடைய நாட்குறிப்பு 1761 வரை செல்கிறது. தோற்ற தரப்பின் தலைநகரான புதுச்சேரியில் இருந்துகொண்டு, தமிழில், அச்சிடும் எண்ணமில்லாமல் எழுதியது. ஆங்கில மொழிபெயர்ப்பு பன்னிரண்டு தொகுதிகள். கடைசித் தொகுதியில் தொடங்கு.

இவை இரண்டிலும் உன் கேள்விக்கு நேரடி விடை கிடைக்காமல் போகலாம். அப்போது பக்கத்து நிலத்துக்குப் போக வேண்டும். போர் முடிந்தபின் ஆற்காட்டு நவாபு செங்கல்பட்டுப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாயை எடுத்துக்கொள்ளும் உரிமையோடு, கொடுத்தார். அங்கே தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள். ஒவ்வோர் ஊரிலும் எந்தத் தொழில் செய்வோர் எத்தனை வீடு, எவ்வளவு நிலம், யாருக்கு எவ்வளவு மானியம், ஏரி எத்தனை என்று அதில் இருக்கிறது. அதற்கு அடிப்படையான ஊர்க் கணக்குகள் ஓலைச்சுவடிகளாகத் தமிழில் எழுதப்பட்டவை. வந்தவாசி அந்த ஜாகீருக்குள் வரவில்லை. ஆனால் உத்திரமேரூர்ப் பக்கத்து ஊர்கள் வருகின்றன. போர் ஓய்ந்து சில ஆண்டுகளில் தொடங்கிய அந்தக் கணக்கில், படைகள் கடந்து சென்ற வழியில் உள்ள ஊர்களையும் விலகியிருந்த ஊர்களையும் பிரித்து வைத்து, வீடுகளின் எண்ணிக்கையையும் சாகுபடி நிலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூன்றாம் ஆண்டுத் திட்டக் கட்டுரைக்கு இது போதும். நன்றாகச் செய்தால் முதுகலைக்கும் நீளும்.

இப்போதைக்கு இவற்றில் எதையும் தேடி அலைய வேண்டாம். வட ஆற்காடு மாவட்டத்தின் பழைய கையேடு ஒன்று இருக்கிறது. காக்ஸ் எழுதி 1881-இல் வெளிவந்து, பின்பு ஸ்டுவர்ட் திருத்தியது. உங்கள் வட்டத்தைப் பற்றிய பகுதியை அகராதியை வைத்துக்கொண்டாவது படித்துவிடு. அதில் வரும் ஊர்ப் பெயர்களை ஒரு தாளில் எழுதி, இன்றைய பெயர் எது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துவை. ஆங்கிலேயர் எழுதிய பெயரிலிருந்து நம் ஊரைக் கண்டுபிடிப்பதற்கே பாதி நேரம் போய்விடும். அந்தப் பட்டியல் கையில் இருந்தால் எழும்பூரில் உன் வேலை விரைவாக நடக்கும். கல்லூரி அடையாள அட்டை வந்தவுடன் துறைத் தலைவரிடம் அறிமுகக் கடிதம் கேள். விண்ணப்பத்தில் தலைப்பைக் குறிப்பிடும் இடத்தில் "கர்நாடகப் போர்க்காலத்துக் கிராமங்கள், 1750–1775" என்று எழுது. ஆண்டு வரம்பு இல்லாத தலைப்பைப் பார்த்தால் எந்த அட்டவணையை எடுத்துத் தருவது என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியாது.